கண்டக்டர் கறாரானவர், கோபக்காரர் இல்லை: இதைக் கோட்டில் எப்படிக் காட்டுவது?

சில்லறை எழுதியது:

32 பக்கக் குழந்தைகள் படப் புத்தகம், 8 அங்குலச் சதுரம். நாயகர் ஒரு டவுன் பஸ் கண்டக்டர், வயது 52. சில்லறை விஷயத்தில் ஒரு ரூபாய் விடமாட்டார். ஆனால் எந்தப் பிள்ளை எந்த ஸ்டாப்பில் இறங்கும்னு அவருக்கு மனப்பாடம், தூங்கிட்டா எழுப்பி இறக்கிவிடுவார். அவரோட பஸ்ல வர்ற ஒரு பையனும் ஒரு பாட்டியும் கதையில உண்டு. கதையில் எந்த இடத்திலும் "நல்லவர்"னு ஒரு வார்த்தை வராது. அதைப் படம்தான் சொல்லணும்.

40 ஸ்கெட்ச் போட்டாச்சு. காக்கிச் சட்டை, அடர்ந்த புருவம், பெரிய மீசை. எல்லாத்துலயும் லாக்கப்புக்கு இழுத்துட்டுப் போற இன்ஸ்பெக்டர் மாதிரி நிற்கிறார். சிரிப்பு வச்சா ஒட்டவச்ச மாதிரி தனியா நிக்குது. 2பி பென்சிலில் வரைஞ்சு, மேலே 0.5 பேனாவால் மை போடுறேன். எங்கே தப்பு?

கரிக்கோடு எழுதியது:

தப்பு முகத்திலிருந்து தொடங்கியதில் இருக்கிறது. காக்கி, மீசை, புருவம் மூன்றும் வேஷம்தான். நாடகத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் அந்த வேஷம் பொருந்திவிடும். குணம் உடம்பு எடையை எங்கே வைக்கிறது, கை எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதில் இருக்கிறது.

இப்படிச் செய்து பாருங்கள். தலைக்குப் பதில் வெறும் முட்டை, கண் மூக்கு கிடையாது. உருவம் 4 செ.மீ. உயரத்துக்கு மேல் போகக் கூடாது. ஒன்றுக்கு 45 விநாடி, மொத்தம் 30 உருவம். 2பி வேண்டாம். 6பி அல்லது தடித்த பிரஷ் பேனா எடுங்கள். முனை தடிமனாக இருந்தால் சட்டைப் பொத்தான் போட ஆசை வராது.

இன்னொன்று. ஸ்கெட்ச் பக்கத்தின் மேலே "கறார்" என்று எழுதிக்கொண்டு வரையாதீர்கள். பண்புப் பெயரை வரைய முடியாது, செயலைத்தான் வரைய முடியும். "மூன்றாவது சீட்டுப் பையனிடம் பாக்கி இரண்டு ரூபாய் கேட்கிறார்", "கடைசிப் படியில் தொங்குபவரை உள்ளே வரச் சொல்கிறார்" என்று எழுதுங்கள்.

ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டருக்கு இரண்டு கையும் வேலைக்கு வேண்டும், கம்பியைப் பிடிக்கக் கை மிச்சமிருக்காது. அதனால் இடுப்பின் ஒரு பக்கத்தை சீட்டின் ஓரத்தில் சாய்த்து, கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, முழங்காலை லேசாகத் தளர்த்தி நிற்பார். அந்த நிலை வந்துவிட்டாலே பாதி ஆள் வந்துவிடுவார். உங்கள் உருவங்கள் விறைத்து நின்றால், தரையே ஆடாத இடத்தில் நிற்கும் ஆளாகத்தான் தெரிவார்கள். அதனால்தான் போலீஸ் சாயல்.

கோபப்படுகிறவருக்குத் தலை தோளுக்கு முன்னால் போகும், தோள் காதை நோக்கி ஏறும், விரல் எதிராளியைக் குத்தும். கறாரானவருக்கு முதுகு நேராக இருக்கும், முகவாய் சற்று உள்ளே இழுத்திருக்கும், முழங்கை விலாவை ஒட்டி இருக்கும், உள்ளங்கை மேல் நோக்கி நீண்டிருக்கும். "நீ தரும் வரை இங்கேயே நிற்பேன்" என்கிற கை அது. குத்தும் விரலை விரித்த உள்ளங்கையாக மாற்றிப் பாருங்கள், இன்ஸ்பெக்டர் போய்விடுவார்.

மாவுமூட்டை எழுதியது:

கரிக்கோடு சொன்னதுக்கு முன்னாடி ஒரு படி இருக்கு. டிஸ்னி ஸ்டுடியோவில் அனிமேஷன் கத்துக்கறவங்களுக்குக் கொடுத்த பழைய பயிற்சி: பாதி நிரம்பின மாவு மூட்டை. நம்ம ஊருக்கு அரிசிச் சாக்குன்னு வச்சுக்கலாம். நாலு முனை இருக்கும். கீழ் ரெண்டும் கால், மேல் ரெண்டும் தோள். முகம் கிடையாது, கை கிடையாது. அதை வச்சு கோபம், கறார், களைப்பு, பரிவு நாலையும் வரையணும்.

கோபத்துக்கு உள்ளே இருக்கிற அரிசி மேலே ஏறும். மேல்பக்கம் பருத்து அடி சிறுத்துப் போகும், மூட்டை முன்னால் சாயும். கறாருக்கு நேர் எதிர். அரிசி அடியில போய் உட்காரும், அடிக்கோடு தட்டையா அகலமா இருக்கும், மேல் ரெண்டு முனையும் ஒரே மட்டம், சாய்வே இல்லை. பரிவுக்கு அதே கறார் மூட்டையை எடுத்து, மேல் முனை ஒண்ணை மட்டும் 10, 15 பாகை இறக்குங்க. அடி அசையக் கூடாது. அவ்வளவுதான்.

இதுல கெட்டுப்போறது ரெண்டு இடம். ஒண்ணு, மூட்டையோட கொள்ளளவு படத்துக்குப் படம் மாறிடும். மேலே பருத்தா கீழே குறையணும், இல்லன்னா அது பலூன். ரெண்டு, சுருக்கத்தை அழகுக்காக எங்கே வேணும்னாலும் போட்டுடுவாங்க. அமுங்கின பக்கம் மட்டும்தான் சுருங்கும், இழுபடுற பக்கம் ஒரே வழவழன்னு இருக்கும். இந்த ஒரு விதி கைவந்துட்டா சட்டை மடிப்பு தானா சரியாயிடும்.

மூட்டையில கறாரும் கோபமும் பிரியலைன்னா, முகத்துல நீங்க போடுற புருவம் வெறும் பெயர்ப்பலகை.

சில்லறை எழுதியது:

மூட்டை 24 போட்டேன். கறாரும் கோபமும் பிரிஞ்சிடுச்சு, நன்றி. ஆனா மூட்டைக்கு மேல மனுஷனை ஏத்தினதும் மறுபடி விறைப்பு. உடம்பைக் கட்டம் கட்டமா, பெட்டி மாதிரி வைக்கணும்னு பல பாடங்கள்ல சொல்றாங்க: சதுரம்னா உறுதி, வட்டம்னா அன்பு, முக்கோணம்னா வில்லன். நம்ம ஆளுக்குச் சதுரமா வட்டமா?

பக்கவடிவம் எழுதியது:

அந்த விதிக்கு அடிப்படை உண்டு. 1929இல் உளவியலாளர் வொல்ஃப்காங் கோலர் முனைகள் கொண்ட வடிவத்தையும் வளைந்த வடிவத்தையும் காட்டி, பொருளற்ற இரண்டு சொற்களில் எது எதற்குப் பொருந்தும் என்று கேட்டார். 2001இல் மூளை ஆய்வாளர்கள் ராமச்சந்திரனும் ஹப்பர்டும் 'கிகி', 'பூபா' என்ற சொற்களை வைத்து அதை மீண்டும் செய்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் முனையுள்ளதற்குக் கிகி, வளைந்ததற்குப் பூபா என்றார்கள். வடிவத்தைப் பார்த்த மாத்திரத்தில் மனம் அதற்கு ஒரு தன்மையைக் கொடுத்துவிடுகிறது என்பது வரை உண்மை. அதற்கு மேல் 'சதுரம் = இன்ன குணம்' என்று அகராதி போட்டால் பாத்திரம் சாலைக் குறியீடாகிவிடும்.

இரண்டு குணம் உள்ளவருக்கு இரண்டு வடிவமும் வேண்டும், ஆனால் பாதிக்குப் பாதி கூடாது. தூரத்திலிருந்து தெரியும் வெளி உருவம் பெட்டியாக இருக்கட்டும்: தோள் கோடு, சட்டையின் கீழ் விளிம்பு, கால்சட்டை எல்லாம் நேர்க்கோடு. கிட்டே வந்தால் தெரியும் சிறு வடிவங்களை உருண்டையாக வையுங்கள்: காது மடல், விரல் நுனி, செருப்பின் முன்பக்கம், முக்கியமாகத் தோல் பை. தொய்ந்து தொங்கும் அந்தப் பைதான் படத்திலேயே மென்மையான வடிவம். பையன் வரும் ஒவ்வொரு பக்கத்திலும் அவன் முகத்துக்குப் பக்கத்தில் அந்தப் பை இருக்கும்படி வையுங்கள்.

அளவும் பாருங்கள். மிரட்டும் தோற்றத்துக்குப் பெரும்பாலும் புருவத்தைவிடத் தலைக் கணக்குதான் காரணம். நிஜ மனிதர் ஏறத்தாழ ஏழரைத் தலை உயரம். உங்கள் கண்டக்டர் ஐந்து தலை உயரம், தலை 3 செ.மீ. என்றால் மொத்தம் 15 செ.மீ. பையன் மூன்றரைத் தலை, தலை 2.6 செ.மீ. என்றால் 9.1 செ.மீ. பையனின் கண்ணைத் தலையின் நடுமட்டத்தில் வைப்பதாகக் கொள்வோம். அதாவது தரையிலிருந்து 7.8 செ.மீ. அது கண்டக்டரின் உயரத்தில் ஏறக்குறைய பாதி, பை தொங்கும் மட்டம். இதே பையனை ஆறரைத் தலைக் கண்டக்டர் பக்கத்தில் நிறுத்தினால் அவன் கண் அவர் தொடை மட்டத்துக்கு இறங்கிவிடும். அப்புறம் எந்தச் சிரிப்பும் அந்த உயரத்தை ஈடுகட்டாது.

கடைசியாக நிழலுருச் சோதனை. உருவத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பி 2 செ.மீ.க்குச் சுருக்குங்கள். தொப்பி இல்லை, லத்தி இல்லை, பின் எது இவரைக் கண்டக்டர் என்று சொல்கிறது? இடது கை விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்துச் செருகிய நோட்டுகள். பஸ்ஸில் வேறு யார் கையும் அப்படி இருக்காது. அந்தக் கையை உடம்புக்கு முன்னால் வைத்தால் நிழலுருவில் காணாமல் போகும். உடம்புக்கும் கைக்கும் நடுவில் வெள்ளை தெரியும்படி தள்ளி வையுங்கள்.

நிப்பும் மையும் எழுதியது:

கோட்டைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. தலைப்பே கோடுதானே.

0.5 பேனாவின் கோடு ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே தடிமன். காக்கித் துணி, தோல் பை, கன்னம், நரைத்த முடி எல்லாம் ஒரே கம்பியில் வளைத்த மாதிரி ஆகிவிடும். நுணுக்கமாகப் பார்த்து வரைந்தாலும் உயிர் ஏறாது. அழுத்தினால் தடித்து, விட்டால் மெலியும் ஜி நிப் (மையில் தோய்த்து வரையும் உலோக முனை) அல்லது 2ஆம் எண் பிரஷ் எடுத்துப் பாருங்கள். பேனாதான் வசதி என்றால் மூன்று அளவாவது வைத்துக்கொள்ளுங்கள். பிக்மா மைக்ரான் என்ற பேனா வகையில் 005 என்பது 0.20 மி.மீ., 01 என்பது 0.25, 05 என்பது 0.45. எண்ணையே மி.மீ. என்று நினைத்து வாங்கிவிட்டு "ஏன் கோடு தடிக்கிறது" என்று கேட்பவர்கள் நிறைய.

எங்கே தடிக்க வேண்டும்? எடை விழும் இடத்தில். குதிகாலுக்குக் கீழ், சாய்ந்திருக்கும் இடுப்பு சீட்டைத் தொடும் இடம், பை வார் தோளில் பதியும் இடம், பையின் அடிவயிறு. இந்த நான்கு இடத்தில் கோடு இரு மடங்கானால் பையில் சில்லறை இருப்பது தெரியும், நாள் முழுக்கத் தூக்கியிருப்பதும் தெரியும். எங்கே மெலிய வேண்டும்? வெளிச்சம் படும் தோளின் மேல்பக்கம், நெற்றி. எங்கே கோடே விட்டுப்போக வேண்டும்? கன்னத்திலும் சட்டைக்குள் தொப்பை தள்ளும் இடத்திலும். விட்ட கோட்டைப் பார்ப்பவர் கண் தானே பூர்த்தி செய்யும், அந்த இடம் மென்மையாகிவிடும். கறாரான ஆளிடம் இரண்டே இடத்தில் கோட்டை விடுங்கள், போதும்.

வேகமும் முக்கியம். 5 செ.மீ.க்கு மேல் போகும் கோட்டை முழங்கையிலிருந்து இழுங்கள். மணிக்கட்டால் இழுத்தால் வளைந்துவிடும், திருத்தித் திருத்தி மயிர் சிலிர்த்த மாதிரிக் கோடாகும். கால்சட்டையின் நேர் மடிப்பு ஒரே இழுப்பில் வர வேண்டும். தயங்கி வரைந்த நேர்க்கோடு அவரையே தயங்கும் ஆளாக்கிவிடும்.

பொருள்கள்: 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஜெராக்ஸ் தாளில் நிப் வேண்டாம். மை நாரில் பரவும், மேல்நோக்கி இழுக்கும்போது முனை நாரைக் கொத்திக்கொண்டு தெறிக்கும். 180 ஜிஎஸ்எம்முக்கு மேல் வழவழப்பான தாள் எடுங்கள். புது நிப்பில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய்ப் பூச்சு இருக்கும், மை திரண்டு சொட்டும். பாத்திரம் கழுவும் சோப்பால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். நீர்புகா இந்தியன் இங்க் பிரஷ்ஷின் அடிமயிரில் காய்ந்தால் பிரஷ் விரிந்துபோகும், மீட்பது கடினம். கால் மணிக்கொரு முறை அலசுங்கள்.

மாவுமூட்டை எழுதியது:

ஒரு சேர்க்கை. ஸ்கெட்ச்ல உயிரா இருந்தது மை போட்டதும் செத்துப்போகுதுன்னு எல்லாருமே புலம்புறது. காரணம், பென்சில் கோட்டோட ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டே போறோம், அசைவை மறந்துடுறோம். ஸ்கெட்சை ஸ்கேன் பண்ணி வெளிர் நீலமா 20 சதவீதத்துல நல்ல தாள்ல அச்செடுங்க. அஞ்சு பென்சில் கோடு இருக்கிற இடத்துல எது சரியான கோடுன்னு முதல்லயே முடிவு பண்ணிட்டு, ஒரே இழுப்பா இழுங்க. ஒரே பிரதியை வெள்ளை பூசித் திருத்தாதீங்க. மூணு பிரதி போட்டு ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. மூணுமே ஒரு மணி நேரத்துக்குள்ள முடியும்.

டேப்லெட்ல வரையறவங்க கோட்டைத் தானா வழவழன்னு ஆக்குற ஸ்டெபிலைசரை ஏத்தி வைக்காதீங்க. கை நடுக்கத்தோட சேர்த்துக் கை எழுத்தையும் அது துடைச்சுடும். கண்டக்டரும் பூக்காரம்மாவும் ஒரே பிளாஸ்டிக்கா வருவாங்க.

பக்கவடிவம் எழுதியது:

நிப்பும் மையும் சொன்னதில் ஒரு எச்சரிக்கை தேவை. இதைப் படித்துவிட்டுப் பலர் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கருவி எடுத்துவிடுவார்கள்: கண்டக்டருக்கு நிப், பாட்டிக்குக் கரி, பையனுக்கு கிரேயான். 32 பக்கத்தில் அது மூன்று பேர் வரைந்த புத்தகமாகத் தெரியும். எல்லோரும் ஒரே பஸ்ஸில் இருக்கிறார்கள், ஒரே வெளிச்சம் படுகிறது. ஒரு புத்தகத்துக்கு ஒரு கோடு என்பது என் உறுதியான கருத்து.

நிப்பும் மையும் எழுதியது:

கருவி ஒன்றுதான், அதில் மறுப்பில்லை. ஆனால் அதே நிப்பால் கண்டக்டருக்கு முனை திரும்பும் கோடும், பாட்டிக்கு நடுவில் அறுந்து அறுந்து போகும் கோடும், பையனுக்கு எடுக்காமல் ஓடும் ஒரே வளைகோடும் போடலாம். பேசுவது ஒரே வாய்தான் என்றாலும் அண்ணன் குரலில் பேசுவதும் பாட்டி குரலில் பேசுவதும் வேறு இல்லையா? ஆனந்த விகடனில் கோபுலுவின் வசனமில்லாச் சிரிப்புப் படங்களை எடுத்துப் பாருங்கள். ஆளுக்கு ஆள் கருவி மாறாத ஒரே கோடுதான், ஆனால் ஒவ்வொருவரும் உட்காரும் விதம் வேறு. 1951 முதல் வந்த ஆர்.கே. லட்சுமணின் கார்ட்டூன் பாத்திரமான சாமானியனும் அப்படித்தான். கட்டம் போட்ட கோட்டும் வேட்டியும் கண்ணாடியுமாக வருவார், பேசவே மாட்டார். நிற்கும் நிலையிலேயே அவர் என்ன நினைக்கிறார் என்பது வந்துவிடும்.

பக்கவடிவம் எழுதியது:

அப்படியென்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாட்டிக்கு அறுந்த கோடு என்று எடுத்தவுடன் முடிவு செய்யாதீர்கள். முதுமை என்றால் நடுக்கம் என்பதும் ஒரு வேஷம்தான். கூடையோடு ஓடுகிற பஸ்ஸில் ஏறும் பாட்டிக்குக் கண்டக்டரைவிட உறுதியான கோடு வேண்டியிருக்கும்.

கண்ணிமை எழுதியது:

இப்போது முகத்துக்கு வரலாம். சில்லறை, உங்கள் விவரிப்பைப் பார்த்தால் புருவத்தின் உள்முனைகள் மூக்கை நோக்கி இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். உள்முனை இறங்கி நெருங்கி, மேலிமை அகலத் திறந்தால் அது கோபம், அதை வேறு எப்படியும் படிக்க முடியாது. கறாருக்குப் புருவத்தைக் கிடைமட்டமாக, தாழ்வாக, நடுவில் இடைவெளி விட்டு வையுங்கள். மேலிமை கருவிழியின் மேல் கால்பங்கை மூடட்டும். அந்த இமை "இதெல்லாம் நான் பார்த்தாச்சு" என்று சொல்லும்.

ஒட்டவைத்த சிரிப்புக்குக் காரணம் வாய் மட்டும் சிரிப்பது. உண்மையான சிரிப்பில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் துஷேன் காட்டியிருக்கிறார். அதை மறுபக்கமாகப் பயன்படுத்துங்கள்: வாயைத் தொடாதீர்கள், கீழிமைக் கோட்டை மட்டும் சற்று மேலே ஏற்றுங்கள். 3 செ.மீ. தலையில் அரை மி.மீ. போதும். தலையை 5 பாகை சாயுங்கள். வாய் கறாராகவே இருக்கும், கண் மட்டும் இளகியிருக்கும்.

மீசை மேலுதட்டை மறைக்கிறது, எனவே வாயின் வேலையை மீசையின் கீழ் விளிம்புதான் செய்ய வேண்டும். நுனி மேலே முறுக்கினால் வீரம், தொங்கினால் சோகம். நேராகக் கத்தரித்த மீசையாக வைத்தால் விளிம்பை எந்தப் பக்கமும் அசைக்கலாம்.

முகபாவத் தாளில் மகிழ்ச்சி, சோகம், பயம் என்று கட்டம் போடாதீர்கள். ஒன்பது நிலைமைகளை வரையுங்கள்: எச்சில் தொட்டு டிக்கெட் கிழிக்கிறார், 500 ரூபாய் நோட்டை நீட்டுகிறார்கள், விசில் வாயில் இருக்கும்போதே யாரோ கேள்வி கேட்கிறார்கள், திடீர் பிரேக். "போலாம் ரைட்" சொல்லும் முகம் எந்த உணர்ச்சிப் பட்டியலிலும் வராது, ஆனால் அவர் நாள் முழுக்க வைத்திருப்பது அந்த முகம்தான்.

சில்லறை எழுதியது:

புருவமும் இமையும் மாத்தினதும் ஆள் கிடைச்சுட்டார். இப்போ 14ஆம் பக்கம்தான் சிக்கல். பையன் தூங்குறான், ஸ்டாப் வந்துடுச்சு. கண்டக்டர் குனிஞ்சு ரெண்டு கையையும் அவன் தோள்ல வச்சு, முகத்தைப் பார்த்துப் புன்னகைக்கிறார். எல்லாமே சரியா இருந்தும் இது வேற யாரோ மாதிரி இருக்கு.

கரிக்கோடு எழுதியது:

வேற யாரோதான். 13 பக்கம் வேலையிலேயே இருந்த கை இங்கே திடீரென்று வேலையை விட்டுவிட்டது. இரண்டு கையும் தோளில் என்றால் நோட்டுகள் எங்கே போயின?

இடது கையில் விரலிடுக்கு நோட்டுகள் அப்படியே இருக்கட்டும், பையன் முகத்தில் படாமல் சற்று உயர்த்தி. வலது கை பையனைத் தொட வேண்டாம். அவன் காதுக்குப் பக்கத்தில் இருக்கும் சீட்டுக் கம்பியை இரண்டு விரல் முட்டியால் தட்டட்டும். விரல்கள் மடங்கியிருக்க வேண்டும், கம்பிக்கும் முட்டிக்கும் நடுவில் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். தொட்டுக்கொண்டிருந்தால் ஊன்றியிருப்பதாகத் தெரியும், இடைவெளி இருந்தால்தான் தட்டுவது தெரியும். எடை ஒரே இடுப்பில். முதுகை வளைக்க வேண்டாம், தலை மட்டும் இறங்கட்டும். மாவுமூட்டை சொன்ன அந்த ஒரு முனை இங்கேதான் பயன்படும். முகம் பையன் பக்கம் திரும்பவே கூடாது. ஜன்னலுக்கு வெளியே, ஸ்டாப் எவ்வளவு தூரம் என்று பார்க்கட்டும். பையன் கண் விழித்தால் பார்வைக்கு நேரே இருப்பது அந்தத் தொய்ந்த பை.

பக்கவடிவம் எழுதியது:

அந்தப் பக்கத்தை வரையும் முன் மாதிரித் தாள் ஒன்று போட்டுவிடுங்கள்: முன், முக்கால் பக்கம் திரும்பியது, பக்கவாட்டு, பின் என்று நான்கு நிலை, தலை உயரக் கோடுகளுக்கு நடுவில். குறிக்க வேண்டியவை பை எந்த இடுப்பில், வார் எந்தத் தோளில், சட்டைப்பை எந்தப் பக்கம், நோட்டு எந்தக் கையில். திசை மாற்ற வேண்டும் என்று கணினியில் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பினால் இவை நான்கும் ஒன்றாக இடம் மாறும். பெரியவர்கள் கவனிக்க மாட்டார்கள், ஆறு வயதுப் பிள்ளை உடனே கேட்கும்.

மூலத்தை ஒன்றரை மடங்கில், 12 அங்குலத்தில் வரையுங்கள். அச்சில் 0.45 கோடு 0.30 ஆகும், 0.20 கோடு 0.13 ஆகி அறுந்துபோகலாம். அதனால் மெல்லிய கோட்டை 0.25க்குக் கீழே விடாதீர்கள். கோட்டுப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள்.

சில்லறை எழுதியது:

வார் வலது தோள், பை இடது இடுப்பு, நோட்டு இடது கை. இப்போ எல்லாப் பக்கத்தையும் வரிசையா வச்சுப் பார்த்தேன். 9ஆம் பக்கத்தைத் திருப்பியிருக்கேன், பை வலது இடுப்புக்குப் போயிருக்கு. அதை முதல்ல மறுபடி வரைஞ்சுட்டு 14க்கு வரேன்.